பேர்ட்டன் நகரின் கிணற்று நீர்

ஓர் ஊர் செல்வம் பெற்றதற்குக் காரணம் யாது என வினவினால், வரலாற்றாசிரியர் துறைமுகத்தைக் காட்டுவர், சுரங்கத்தைக் காட்டுவர், அரசன் அளித்த ஆதரவைக் காட்டுவர். கிணற்று நீரைக் காட்டுபவர் அரியர். ஆயினும் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, திரெந்து ஆற்றங்கரையிலே அமைந்துள்ள பேர்ட்டன் என்னும் சிறு நகரம், 19 ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் பெயர் பெற்றது தன் நிலத்தடி நீரினாலேயே. அந்நீர் கொண்டு காய்ச்சிய பியர் என்னும் பானம் கல்கத்தா வரையிற் கப்பலேறிச் சென்றது. பின்னர் அந்நீரின் இயல்பை இரசாயன அறிஞர் கண்டறிந்தனர். அன்று தொடக்கம் ஒரு கரண்டி வெண்பொடியைக் கொண்டு பிறவூர் நீரையும் பேர்ட்டன் நீரை ஒத்ததாக ஆக்கலாம் என்ற நிலை பிறந்தது. அதனால் ஊருக்கு நேர்ந்தது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மது அருந்துதல் நன்றா தீதா என்னும் வினாவுக்கு இங்கு இடமில்லை. அவ்வினாவுக்கு நம் முன்னோர் தந்த விடையை நேயர்கள் நன்கறிவர். ஒரு கைத்தொழிலின் வரலாற்றையும், அதில் விஞ்ஞானம் புகுந்த வகையையும் அறிவதற்கு, அத்தொழிலின் பயனை விரும்ப வேண்டியதில்லை.

நம் நாட்டுப் பனங்கள்ளுக்குப் பாளையிற் சுரக்கும் சாறே போதும். அதில் எவரேனும் நீர் சேர்த்தால் அது கலப்படம் எனப்படும். பியர் அத்தகையதன்று. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. முளைக்கவிட்டு உலர்த்திய பார்லித் தானியத்தை மோல்ற் என்பர். அதனை இடித்து, ஏறத்தாழ 65 பாகை வெப்பமுள்ள நீரில் ஊறவிடுவர். தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும். அவ்வினிய சாற்றை வடித்து, ஹொப் என்னும் கொடியின் பூக்களை இட்டுக் கொதிக்கவைப்பர். கைப்புச் சுவையைத் தருவதும், பானம் விரைவிற் கெடாது காப்பதும் அப்பூக்களே. ஆறியபின் மதுவம் சேர்த்து நொதிக்கவிடுவர். ஆகவே, எவ்வூரில் பியர் காய்ச்சப்படுகின்றதோ அவ்வூர் நீரின் குணம் முழுவதும் அதனுள் இறங்கிவிடுகின்றது.

நீருக்குக் குணவேறுபாடு உண்டு என்பதை யாழ்ப்பாணத்து இல்லத்தரசிகளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கேத்தலில் நாள்தோறும் கிணற்று நீரைக் கொதிக்கவைத்தால், சில வாரங்களில் அதன் உட்புறத்தில் வெண்படை ஒன்று படிந்துவிடும். சவர்க்காரம் எளிதில் நுரை தராது. சுண்ணாம்புக் கல்லினூடே ஊறிவந்த நீர் அது. அதனை வன்னீர் என்பர். கருங்கற் பாறைகளுள்ள மலைநாட்டின் ஓடை நீரோ மென்னீர்.

வன்மையிலும் இரு வகை உண்டு. கல்சியம் இருகாபனேற்றினால் உண்டாவது தற்காலிக வன்மை. நீரைக் கொதிக்கவைத்தால் இது சுண்ணாம்பாகப் படிந்து நீங்கிவிடும். கேத்தலில் காணும் வெண்படை இதுவே. கல்சியம் சல்பேற்றினால், அதாவது ஜிப்சம் என்னும் கனிப்பொருளினால் உண்டாவது நிரந்தர வன்மை. எத்துணை கொதிப்பினும் இது அகலாது. சவர்க்காரத்துக்கு இரண்டும் பகையே. பியருக்கோ ஒன்று பகை, மற்றொன்று நட்பு. இவ்வேறுபாட்டிலேயே பேர்ட்டன் நகரின் கதை முழுவதும் அடங்கியுள்ளது.

மோல்ற் ஊறும்போது அக்கலவை சிறிதளவு அமிலத்தன்மை உடையதாய் இருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் நொதியங்கள் செவ்வனே தொழிற்படும். உமியிலுள்ள துவர்ப்பும் சாற்றில் இறங்காது. இருகாபனேற்று அவ்வமிலத்தை அழித்துவிடும். கல்சியமோ மோல்றிலுள்ள பொசுபேற்றுக்களோடு கூடி அமிலத்தைப் பெருக்கும். வறுத்துக் கருக்கிய மோல்ற்றுக்கு இயல்பாகவே அமிலத்தன்மை மிகுதி. ஆதலால் இருகாபனேற்று மிகுந்த நீரிலும் அது நன்றாக ஊறும். வெளிறிய மோல்ற்றுக்கு அவ்வாற்றல் குறைவு.

இதனை அறிந்தால் ஐரோப்பாவின் பழைய பியர் ஊர்களின் மரபு விளங்கிவிடும். இலண்டன் நகரின் நீர் தற்காலிக வன்மை மிக்கது. 18 ஆம் நூற்றாண்டில் அந்நகருக்குப் புகழ் தந்தது போர்ட்டர் என்னும் கருமை சார்ந்த பியர். மியூனிக் நகரின் நீரும் அத்தகையதே. அங்கும் கரும்பியரே சிறந்தது. பொகீமியா நாட்டின் பில்சன் நகரிலோ நீர் மிக மென்மையானது. அந்நகரில் காய்ச்சிய பியர் பலகாலம் இழிந்ததாகவே இருந்தது. 1838 ஆம் ஆண்டில் 36 பீப்பாய் கெட்ட பியரை நகரமண்டபத்தின் முன்னே கொட்டினார்கள் என்பர். பின்னர் ஊரவர் ஒன்றுகூடிப் புதிய ஆலை ஒன்றை நிறுவி, பவேரியாவிலிருந்து யோசெப் குரோல் என்பவரை அழைத்தனர். 1842 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் அவர் வெளிறிய மோல்ற்றைக் கொண்டு பொன்னிறமான பியர் ஒன்றைக் காய்ச்சினார். இன்று உலகில் மிகுதியாகக் காய்ச்சப்படும் பொன்னிற லாகர் பியர் வகை அதன் வழிவந்ததே. அவரது திறமையை மறுத்தற்கில்லை. எனினும் அதே மோல்ற்றை அதே முறையில் மியூனிக் நகரின் நீரில் ஊறவிட்டிருப்பாராயின், அத்தகைய பானம் கிடைத்திராது.

இம்மூன்று நகரத்தாரும் நீரைச் சோதித்துத் தெளிந்து தொழில் செய்தவரல்லர். பல தலைமுறைகளாகச் செய்து பார்த்தனர், நன்றாய் வந்ததை வைத்துக்கொண்டனர், வாராததைக் கைவிட்டனர். தம் ஊர்ப் பானம் தம் கைத்திறனால் வந்தது என்றே எண்ணினர்.

பேர்ட்டன் நகரத்தாரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஒரு துறவியர் மடம் எழுந்தது. அம்மடத்தின் காலந்தொட்டே ஊரில் பியர் காய்ச்சும் வழக்கம் உண்டு. எனினும் சரக்கை வெளியே கொண்டுசெல்ல வழியில்லை. 1699 இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் திரெந்து ஆற்றைப் பேர்ட்டன் வரையில் படகு செல்லத்தக்கதாக்கச் சட்டம் இயற்றியது. அதன்பின் பீப்பாய்கள் ஆற்றின் வழியாக ஹல் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து பால்டிக் கடல் கடந்து ருசியா நாட்டுக்குச் சென்றன. அக்காலத்துப் பேர்ட்டன் பியர் கருமையும் இனிமையும் வலிமையும் உடையது. 1777 இல் வில்லியம் பாஸ் என்பவர் அங்கே ஓர் ஆலையை நிறுவினார்.

1806 இல் நெப்போலியன் பிரித்தானியப் பொருள்களுக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தான். பால்டிக் வாணிகம் தளர்ந்தது. போர் ஓய்ந்து மீண்டும் தலையெடுக்கும் வேளையில், 1822 இல் ருசிய அரசு பியருக்குக் கடுந்தீர்வை விதித்தது. பேர்ட்டன் ஆலைக்காரர் செய்வதறியாது திகைத்தனர்.

அப்பொழுது கிழக்கிந்தியக் கம்பனியின் பணிப்பாளருள் ஒருவரான மார்ஜோரிபாங்க்ஸ் என்பவர், சாமுவேல் அல்சொப் என்னும் பேர்ட்டன் ஆலைக்காரருக்கு ஒரு வழி காட்டினார். இந்தியாவிலுள்ள ஆங்கிலேயர் வெளிறிய, கைப்பு மிகுந்த பியரை விரும்பி அருந்துகின்றனர். அவ்வாணிகம் இலண்டன் நகரின் ஹொட்ஜ்சன் குடும்பத்தார் ஒருவரிடமே அடங்கியுள்ளது. அதனை நீர் ஏன் முயலக்கூடாது என்றார். ஹொட்ஜ்சனின் பியர் ஒரு புட்டி பேர்ட்டனுக்கு வந்தது. அல்சொப்பின் மோல்ற் தயாரிப்பாளர் அதனைச் சுவைத்துப் பார்த்து, முதன்முதலில் ஒரு தேநீர்ப் பாத்திரத்தில் அதன் மாதிரியைக் காய்ச்சினார் என்று ஒரு கதை வழங்கிவருகின்றது. கதை எவ்வாறாயினும் விளைவு வியப்புக்குரியது. பேர்ட்டனில் காய்ச்சிய பியர் மூலத்தினும் சிறந்து விளங்கியது. நிறம் தெளிவாய் இருந்தது. கைப்பு நாவில் தங்கிக் கரகரக்காது தூயதாய் இருந்தது. நெடுங்கடற் பயணத்தையும் தாங்கிற்று. இலண்டன் நீரால் இயலாததைப் பேர்ட்டன் நீர் செய்து முடித்தது. 1839 இல் புகையிரதம் வந்து சேர்ந்ததும் உள்நாட்டுச் சந்தையும் திறந்தது. 1877 அளவில் பாஸ் ஆலை உலகிலேயே மிகப் பெரிய பியர் ஆலையாக விளங்கிற்று. அதன் செம்முக்கோணம் பிரித்தானியாவில் முதன்முதலாகப் பதிவு பெற்ற வணிகச் சின்னம். 1882 இல் மனே என்னும் பிரெஞ்சு ஓவியர் தீட்டிய பாரிஸ் மதுக்கூடக் காட்சியிலும் அச்சின்னம் பொறித்த புட்டியைக் காணலாம்.

புகழ் வளரும் இடத்தில் ஐயமும் வளரும். பேர்ட்டன் பியரின் தனிச்சுவைக்குக் காரணம் யாதோ கலப்படமாக இருத்தல் வேண்டும் என்று பலர் பேசினர். பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கம் என்ற பெயருடைய ஓர் இலண்டன் சங்கத்தின் வெளியீடும் அக்குற்றச்சாட்டைச் சுமத்தியது. ஆலைக்காரர் 1830 இல் மானநட்ட வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கிலே கிணற்று நீரின் பகுப்பாய்வுகள் முன்வைக்கப்பட்டன. பியரிற் கண்ட ஜிப்சத்தை எவரும் போடவில்லை. பூமியே போட்டது என்பது வெளிப்பட்டது. தங்கள் வாழ்வின் மூலம் எது என்பதைப் பேர்ட்டன் நகரத்தார் உலகறியச் சொல்ல நேர்ந்தது, தம்மைத் தற்காத்துக்கொள்ளும் பொருட்டே என்பது நினைக்கத்தக்கது.

1852 இல் இதனினும் பெரிய பழி வந்தது. பியருக்குக் கைப்பு ஊட்டுவதற்காக இங்கிலாந்துக்கு ஸ்ரிக்னீன் என்னும் நஞ்சு அனுப்பப்படுகின்றது என்று பிரான்சிலே ஒருவர் உரைத்தார். ஸ்ரிக்னீன் வேறொன்றுமன்று, நம் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொட்டையிலுள்ள கொடிய நஞ்சே அது. செய்தி பத்திரிகைகளிற் பரவியது. அல்சொப் ஆலையார் தோமஸ் கிரகாம், ஹொவ்மன் என்னும் இரு பேரறிஞரைக் கொண்டு தம் பியரைச் சோதிப்பித்தனர். அவர்கள் நஞ்சின் சுவடு ஒன்றையும் காணவில்லை. அத்துணைப் பியருக்கும் கைப்பு ஊட்ட வேண்டுமாயின், உலகில் உற்பத்தியாகும் ஸ்ரிக்னீன் முழுவதும் போதாது என்றும் கணக்கிட்டுக் காட்டினர்.

இவ்வாறு பழி தீர்க்க வந்த இரசாயனம் ஆலைகளிலேயே தங்கிவிட்டது. 1862 இல் பீற்றர் கிரீஸ் என்னும் செருமானிய அறிஞர் அல்சொப் ஆலையிற் சேர்ந்தார். சாயப்பொருட் கைத்தொழிலுக்கு அடிகோலிய டையசோச் சேர்வைகளைக் கண்டறிந்தவர் அவரே. 1866 இல் ஹொரஸ் பிரவுண் என்னும் இளைஞர் வேதிங்டன் ஆலைக்கு வந்தார். பாஸ் ஆலையில் கொர்னீலியஸ் ஓசலிவன் பணியாற்றினார். பல்கலைக்கழகமற்ற ஒரு சிறு நகரத்தில், நொதித்தல் பற்றிய ஆராய்ச்சி இத்துணை ஆழமாய் நடந்தமை கல்வி வரலாற்றில் எடுத்துரைக்கத்தக்கது.

இதனிடையே இலண்டன் ஆலைக்காரர் வேறொரு முடிவுக்கு வந்திருந்தனர். நீரை இலண்டனுக்குக் கொண்டுவர இயலாது. நாமே நீருள்ள இடத்துக்குச் செல்வோம் என்று துணிந்தனர். சாரிங்டன் நிறுவனத்தார் 1872 இலும், துரூமன் நிறுவனத்தார் 1873 இலும், மான் நிறுவனத்தார் 1875 இலும் பேர்ட்டனில் ஆலைகள் அமைத்தனர். 1880 களில் 30 க்கு மேற்பட்ட ஆலைகள் அங்கே புகைந்தன. பிரித்தானியாவில் விற்ற பியரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அச்சிறு நகரிலிருந்தே சென்றது.

ஆயினும் அப்புகழின் உச்சியிலேயே அதன் தனியுரிமை கரையத் தொடங்கியது. 1878 இல் வின்சன்ற் என்னும் இரசாயன அறிஞர், ஹொப்பின் கைப்பைத் தூயதாக வெளிப்படுத்துவது நீரிலுள்ள கல்சியம் சல்பேற்றே என்பதை எடுத்துக்காட்டினார். மென்னீரில் ஜிப்சம் சேர்த்தால் பேர்ட்டன் நீரை ஒத்த நீர் கிடைக்கும். இச்செயலுக்குப் பேர்ட்டனாக்கம் என்றே பெயர் வழங்கலாயிற்று. ஊரின் பெயர் ஒரு வினையின் பெயராயிற்று. இது பெருமை போலத் தோன்றும். உண்மையில் இழப்பின் அடையாளம் அதுவே. எவ்விடத்தும் செய்யத்தக்க செயலுக்குத்தான் அவ்விதம் பெயரிடுவர்.

மான் நிறுவனத்தார் 1896 இல் பேர்ட்டனை விட்டு நீங்கினர். அவர்களின் ஆலையில் 1898 இல் மார்ஸ்ரன் என்னும் உள்ளூர் நிறுவனம் குடிபுகுந்தது. சாரிங்டன் நிறுவனமும் 1926 இல் விலகியது. இத்தேய்வுக்கு ஜிப்சம் ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. அளவுக்கு மீறி ஆலைகளைப் பெருக்கியமையும், மதுக்கடைகளை ஆலைக்காரரே விலைக்கு வாங்கித் தத்தம் சரக்கையே விற்ற முறையும் அதில் பங்கு கொண்டன. ஆனால் இலண்டனிலிருந்தவாறே இலண்டன் நீரைத் திருத்தலாம் என்ற அறிவு கிடைத்தபின், தொலைவிலுள்ள ஒரு நகரில் ஆலை வைத்துச் செலவிடும் தேவை அருகிற்று.

இலண்டன் நீரைத் திருத்துவதற்கு ஜிப்சம் சேர்த்தல் மட்டும் போதாது; முதலில் அதிலுள்ள இருகாபனேற்று நீங்குதல் வேண்டும். அதற்கும் வழி முன்னரே பிறந்திருந்தது. 1841 இல் அபடீன் நகரப் பேராசிரியர் தோமஸ் கிளார்க், வன்னீரில் அளவறிந்து நீறிய சுண்ணாம்பைச் சேர்த்தால், கரைந்துள்ள சுண்ணாம்பும் சேர்த்த சுண்ணாம்பும் ஒருங்கே படிந்துவிடும் என்று கண்டு உரிமை பெற்றார். முள்ளை முள்ளால் எடுக்கும் முறை இது. 1909 இல் கோபன்ஹேகன் நகரின் கார்ள்ஸ்பேர்க் பியர் ஆலையைச் சார்ந்த ஆய்வுகூடத்தில் சோரன்சன் என்பவர், அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவையை வகுத்தார். இன்று பாடசாலை ஆய்வுகூடந்தொறும் வழங்கும் அவ்வளவை ஒரு பியர் ஆலையின் சூழலில் பிறந்தது என்பதைப் பலர் அறியார். பின்னர் 1953 இல் செருமானிய அறிஞர் கோல்பாக், நீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் இருகாபனேற்றின் வலிமையை எவ்வளவு தணிக்கும் என்பதற்கு ஒரு கணக்கைத் தந்தார். முன்னோர் கைப்பழக்கத்தால் அறிந்தது அன்று எண்களில் அமைந்தது.

இவ்வறிவு ஆலைகளோடு நின்றுவிடவில்லை, வீடுகளுக்கும் சென்றது. இங்கிலாந்தில் 1880 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தம் இல்லத்திற் பியர் காய்ச்சுவோரும் உரிமம் பெறவேண்டியிருந்தது. 1963 இல் அக்கட்டுப்பாடு நீங்கியது. அமெரிக்காவில் 1978 இல் இயற்றிய சட்டம் வீட்டுப் பியருக்கு வழி திறந்தது. (இலங்கையிலோ உரிமமின்றி மது ஆக்குதலை மதுவரிச் சட்டம் தடுக்கின்றது.) அந்நாடுகளின் நகரக் குழாய் நீரோ பல இடங்களில் வன்னீர். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஆலைகள் எதிர்கொண்ட இடரை இப்பொழுது சமையலறைகள் எதிர்கொண்டன.

அவர்கள் கையாளும் முறைகள் பழைய வரலாற்றின் சுருக்கமே. முதலில் நகர நீர் வழங்குவோரிடமிருந்து நீரின் பகுப்பாய்வைப் பெறுவர். தற்காலிக வன்மை மிகுதியாயின் நீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்த வெண்பொடி கலங்காது தெளிந்த நீரை மேலாக இறுத்தெடுப்பர். குளோரீனும் அக்கொதிப்பில் நீங்கும். சில நகரங்களில் குளோரீனுக்குப் பதிலாகக் குளோரமீன் சேர்க்கின்றனர். அது எளிதில் நீங்காதாகையால், பழம் பதனிடுவோர் கையாளும் கந்தகச் சேர்வை மாத்திரையில் சிறிதளவு இடுவர். கொதித்த நீரில் கல்சியமும் குறைந்துவிடும். அதனை ஈடுசெய்ய ஜிப்சம் சேர்ப்பர். 20 லீற்றர் நீருக்கு 4 கிராம் சேர்த்தால், லீற்றருக்கு ஏறத்தாழ 47 மில்லிகிராம் கல்சியமும் 112 மில்லிகிராம் சல்பேற்றும் கூடும். பேர்ட்டன் கிணறுகளில் கல்சியம் லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்கு மேலும், சல்பேற்று 600 மில்லிகிராமுக்கு மேலும் காணப்பட்டதுண்டு. அவ்வளவையும் அப்படியே ஆக்க முயல்வது பேதைமை. அந்நீரில் மகனீசியம் சல்பேற்றும் உண்டு. மருத்துவர் பேதிக்குக் கொடுக்கும் எப்சம் உப்பு அதுவே.

இன்னும் சிலர் வன்னீரோடு வாலைநீரைக் கலந்து வன்மையைத் தணிப்பர். சிலர் சிறிதளவு இலற்றிக்கமிலம் சேர்ப்பர். 1516 ஆம் ஆண்டு முதல் பவேரியாவில் வழங்கிய சட்டம் பார்லி, ஹொப், நீர் அன்றி வேறெதுவும் பியரிற் சேர்த்தலாகாது என விதித்தது. ஆதலால் அம்மரபைப் பேணும் செருமானியர் அமிலத்தைப் புட்டியிலிருந்து வார்க்காமல், மோல்ற்றையே புளிக்கவைத்து அப்புளிப்பைக் கொண்டு கருமம் முடிப்பர். சட்டத்தையும் மீறாது, நீரையும் திருத்தும் நுட்பம் அது.

ஒரு தவறு மட்டும் பலரிடம் காணப்படுவது. வீடுகளில் நீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியிருந்தால், அந்நீர் பில்சன் நீர் போன்றது எனக் கருதிவிடுகின்றனர். அக்கருவி கல்சியத்தை எடுத்துச் சோடியத்தை வைக்கின்றதேயன்றி, இருகாபனேற்றைத் தொடுவதில்லை. நண்பனை வெளியேற்றிப் பகைவனை வீட்டில் இருத்திய கதையாக அது முடியும். சவர்க்காரத்துக்கு அந்நீர் உகந்தது, மோல்ற்றுக்கு உகந்ததன்று.

எல்லாவற்றினும் எளிய வழி ஒன்றும் உண்டு. குழாயில் வருவது இருகாபனேற்று மிகுந்த வன்னீராயின், அதற்கேற்பக் கரிய மோல்ற் சேர்த்த பியரையே காய்ச்சிக்கொள்ளலாம். இலண்டன் நகரத்தாரும் மியூனிக் நகரத்தாரும் இரசாயனம் ஒன்றும் அறியாத காலத்திற் செய்தது அதுவே.

பேர்ட்டன் நகரில் பியர்த் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. பாஸ் நிறுவனத்தின் பேர்ட்டன் ஆலை 2002 இல் அமெரிக்காவின் கூர்ஸ் நிறுவனத்தார் கைக்கு வந்தது. அங்கே பெருமளவில் காய்ச்சப்படுவது கார்லிங் என்னும் பொன்னிற லாகர்; மென்னீரூற்று நகரமாகிய பில்சனில் 1842 இல் பிறந்த பியரின் வழித்தோன்றல் அது.